நீங்க உக்காருங்க

கல்யாண வீட்டில் பெரியம்மாவுக்கு நாற்காலி இழுத்துப் போடுகிறவர்களைக் கண்டால் கொஞ்ச காலமாக எனக்குள் ஒரு சங்கடம். போடுகிறவர்கள் நல்லவர்கள். கணுக்கள் வீங்கி, விரல்கள் சுண்டுவிரல் பக்கமாகச் சாய்ந்துவிட்ட ஒருத்தியை நிற்கவைத்துப் பார்க்க யாருக்கு மனம் வரும்? "நீங்க உக்காருங்கக்கா, நாங்க பாத்துக்கறோம்" என்கிறார்கள். பெரியம்மாவும் உட்கார்ந்துகொள்கிறார், மேடைக்கு எதிரே, மின்விசிறிக்குக் கீழே, போட்டோவில் விழுகிற இடத்தில். என் சங்கடம் அதன் பிறகுதான் தொடங்குகிறது. உட்கார்ந்ததிலிருந்து சாப்பிட்டுக் கிளம்பும்வரை அவரிடம் யாரும் எதையும் எடுத்து வரச் சொல்வதில்லை, சாவியை எங்கே வைத்தாய் என்று சத்தம் போடுவதில்லை. வருகிறவர்கள் குனிந்து "ஒடம்பு தேவலையா?" என்கிறார்கள். "தேவல" என்கிறார். நகர்ந்துவிடுகிறார்கள். பெரம்பலூர் மாவட்டத்தில் எங்கள் செட்டிகுளம் பக்கத்துக் கல்யாணத்தில் மேடையில் நடப்பது பாதிதான். மீதி, சாக்கைப் பிரித்துக் கொட்டிய சின்ன வெங்காயக் குவியலைச் சுற்றி, கொல்லைப்புறத்தில், முந்தின நாள் சாயங்காலமே நடந்து முடிந்துவிடும். யார் வீட்டுப் பெண்ணுக்கு எங்கே பேச்சு நடக்கிறது, எந்த நாத்தனார் எந்த நகையை அடகு வைத்தாள், எவர் எவரோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை என்பதெல்லாம் கண்ணில் நீர் வழிய வழிய அங்கேதான் வெளிவரும். சொந்தக் காரணத்துக்காக அழுகிறவள்கூட வெங்காயத்தின் மேல் பழியைப் போட்டுவிடலாம் என்பது அந்த வட்டத்தின் கூடுதல் வசதி. பெரியம்மா அதன் நடுவில் இருந்தவர். வெங்காயத்தை நடவிலிருந்து பட்டறை போட்டுச் சேமிப்பதுவரை கையால் அறிந்தவர். இன்று அவர் முன்னால் அரிவாள்மனையை வைக்க யாரும் துணிய மாட்டார்கள். சரிதான். கை போனதற்காக வாயும் காதும் ஏன் முன்வரிசைக்குப் போக வேண்டும் என்பதுதான் எனக்குப் பிடிபடவில்லை.

மருத்துவர்கள் ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ் என்கிறார்கள். பழைய ஆட்கள் சரவாங்கி என்பார்கள். தெருவில் வாதம் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்கள். உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்பாற்றல் மூட்டின் உள்சவ்வை அந்நியமென்று எண்ணித் தாக்குகிறது என்ற விளக்கத்தைப் பெரியம்மாவிடம் சொன்னபோது, "அப்ப வீட்டாளுங்க செய்யிற வேலைதான்" என்று சிரித்தார். அவர் கணக்கில் இது 2006-இல் தமிழ்நாடெங்கும் சிக்குன்குனியா அடித்தபோது ஒட்டிக்கொண்ட வலி. அந்தக் காய்ச்சலில் படுத்து எழுந்தவர்களுக்கு மாதக்கணக்கில் மூட்டுவலி இருந்தது உண்மை. ஆகவே அதன் பிறகு வந்த எந்த வீக்கத்தையும் ஊரே அதன் தலையில் கட்டியது. அந்தச் சாக்கில் வேறு நோய் உள்ளே வந்து உட்கார்ந்ததை யாரும் கவனிக்கவில்லை. அரியலூர்ப் பக்கத்து உறவுக்காரர்களுக்கு வேறொரு சந்தேகம் உண்டு: சுண்ணாம்புக்கல் ஏற்றிய லாரிகளும் சிமெண்ட் ஆலைப் புழுதியும். சிலிக்கா தூசியை வருடக்கணக்கில் சுவாசிப்பவர்களுக்கு இந்த வகை நோய்கள் கூடுதலாக வருகின்றன என்பதை மருத்துவம் ஒத்துக்கொண்டிருக்கிறது. வேல்ஸ் நாட்டு நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களின் நுரையீரலையும் மூட்டையும் சேர்த்துப் பார்த்து காப்லான் என்பவர் 1953-லேயே எழுதினார். ஆனால் சுண்ணாம்புத் தூசியும் சிலிக்கா தூசியும் ஒன்றல்ல. சந்தேகத்தை நான் தள்ளவும் இல்லை, ஏற்கவும் இல்லை. ஆண் ஒருவருக்கு வந்தால் பெண்கள் இரண்டு மூன்று பேருக்கு வருகிற நோய் இது. லாரியில் போகிறவர்கள் ஆண்கள், விரல் கோணிப்போகிறவர்கள் பெரும்பாலும் பெண்கள். டெல்லிக்குப் பக்கத்துக் கிராமங்களில் நடந்த ஆய்வொன்று 1993-இல் வெளிவந்தது. பெரியவர்களில் நூற்றுக்கு முக்கால் பேருக்கு இந்நோய் இருப்பதாகச் சொன்னது. அந்த விகிதம் இங்கும் பொருந்துமா என்பது வேறு கேள்வி. பொருத்திப் பார்த்தால், 2011 கணக்கெடுப்பில் 13 லட்சத்துக்குச் சற்று மேல் மக்கள் இருந்த பெரம்பலூர், அரியலூர் என்ற இந்த இரண்டு மாவட்டங்களில் ஆறாயிரம் பேருக்குக் குறையாது. ஆறாயிரம் நாற்காலிகள் என்று மனம் தானாகக் கணக்குப் போடுகிறது.

நோயின் வலியைவிட அதன் ஒழுங்கின்மைதான் ஊரோடு உறவைக் கெடுக்கிறது என்று தோன்றுகிறது. கால் முறிந்தவரை ஊருக்குப் புரியும். கட்டு தெரிகிறது, நாள் தெரிகிறது. இது அப்படி நடந்துகொள்வதில்லை. காலையில் எழுந்ததும் ஒரு மணி நேரத்துக்கு மேல் விரல் மடங்காது. தம்ளரை இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவில் இடுக்கித்தான் காப்பி குடிப்பார். பதினோரு மணிக்கு அதே கை கொடியில் துணி போடும். மறுவாரம் இரண்டுமே முடியாது. காலையில் நூறு நாள் வேலைக்கு வரமுடியாதென்று சொன்னவள் சாயங்காலம் குழாயடியில் நின்று பேசிக்கொண்டிருந்தால், பார்த்தவர்கள் ஒன்றும் கேட்க மாட்டார்கள். கேட்காமல் இருப்பதிலேயே எல்லாம் தெரியும். அதனால் நன்றாக இருக்கும் பொழுதுகளிலும் பெரியம்மா வாசலுக்கு வருவதைக் குறைத்துக்கொண்டார். நோயாளி என்று ஒருமுறை ஏற்றுக்கொண்டு சலுகை கொடுத்தவர்களுக்கு முன்னால் நன்றாக இருப்பதும் ஒருவகை நம்பிக்கைத் துரோகமாகிவிடுகிறது. இதற்கு நேர்மாறாக ஸ்டீராய்டு மாத்திரை. அது முகத்தை உப்ப வைக்கும். விசேஷ வீட்டில் பார்ப்பவர்கள், "நல்லா சதை போட்டுட்டியே, மூஞ்சி களையா இருக்கு" என்று நெட்டி முறிக்கிறார்கள். நோய் உச்சத்தில் இருக்கும்போது பாராட்டு, கொஞ்சம் தணிந்திருக்கும்போது சந்தேகம்.

எங்கள் பக்கம் ஊரோடு இருப்பதென்றால் கடனோடு இருப்பது. மொய் நோட்டில் இருப்பது வீட்டு ஆண் பெயர். அந்தக் கணக்கு தனி. பெண்களின் கணக்கு எழுதப்படாதது. உன் களைவெட்டுக்கு நான் மாத்தாள் வந்தால் என் பருத்தி எடுப்புக்கு நீ வர வேண்டும். உன் மகள் சடங்குக்கு நான் முறுக்குச் சுற்றினால் என் மருமகள் வளைகாப்புக்கு நீ சோறு கிளற வேண்டும். கணக்கு ஒருநாளும் தீர்வதில்லை. தீராமல் வைத்திருப்பதில்தான் உறவே இருக்கிறது. பெரியம்மாவுக்கு நோய் வந்த புதிதில் அவர் கொடுக்க வேண்டிய வேலைகளை ஊர்ப் பெண்கள் தள்ளுபடி செய்தார்கள். ஒருத்தியும் முகம் சுளிக்கவில்லை. "அவங்களால முடியாது பாவம், விட்டுருங்கடி" என்றார்கள். கொஞ்ச நாளில் அவர் வீட்டு வேலைக்கு மற்றவர்களை அழைப்பது பெரியம்மாவுக்கே கூச்சமாகிவிட்டது. திருப்பிச் செய்ய வழியில்லாதபோது எப்படிக் கூப்பிடுவது? கூலிக்கு ஆள் வைத்தார். கூலிக்கு வந்த ஆள் வேலையைச் செய்துவிட்டுப் போய்விடும். சண்டை போட்டுப் பேச்சை நிறுத்தியவர்கள்கூட ஊரில் மறுபடி சேர்ந்துகொள்கிறார்கள். கடன் தள்ளுபடி ஆனவருக்குத் திரும்பி வர வழி இல்லை. கொடுமையால் ஒதுக்கப்பட்டவர்களைப் பற்றி நிறையப் படித்திருக்கிறோம். இரக்கத்தால் கணக்கிலிருந்து விடுபட்டுப் போனவர்களைக் குறை சொல்ல ஆளில்லாததால் அந்த வருத்தம் பேச்சுக்கே வருவதில்லை.

கேத வீட்டில் இது இன்னும் கடுமை. கல்யாணத்துக்குப் போகாமல் இருந்துவிடலாம், மொய்யைக் கொடுத்தனுப்பலாம். சாவுக்கு ஆள்தான் போக வேண்டும். தெருமுனையிலிருந்தே குரலெடுத்து வந்து, தரையில் வட்டமாக அமர்ந்து, ஒருவர் தோளில் ஒருவர் கைபோட்டு, தலை முட்ட அழுவதுதான் எங்கள் பக்கத்துப் பெண்களின் முறை. தோள் மூட்டில் வீக்கம் இருப்பவளின் மேல் அந்தக் கைகளின் பாரம் எப்படி இறங்கும் என்பதை நான் யோசித்ததே இல்லை, பெரியம்மா சொல்லும்வரை. முதல் சில சாவுகளில் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். எழுந்திருக்க இரண்டு பேர் தூக்க வேண்டியிருந்ததும், இறந்தவரை விட்டுவிட்டு எல்லார் பார்வையும் தன்மேல் திரும்பியதும் அவருக்கு அவமானமாகிவிட்டது. அதன் பிறகு அங்கும் நாற்காலி. "சேர்ல உக்காந்து எப்புடிடா ஒப்பாரி வைக்கிறது?" என்று கேட்டார். நான் பதில் சொல்லவில்லை. ஒப்பாரிக்கு உயரம் ஒத்துவராது. கீழே இருக்கிற தலைகளோடு தலை சேராமல் மேலே தனியாக ஒரு குரல் அழுதால் அது பாட்டுக் கச்சேரி. அவர் வாயில் முந்தானையைப் பொத்திக்கொண்டு வெறுமனே கண்ணீர் விட்டுவிட்டு வந்துவிடுகிறார். தன் சொந்த அக்காவின் சாவிலும் அப்படித்தான். அந்த அழுகை இன்னும் பாக்கி இருப்பதாக அவர் நினைக்கிறார்.

எட் டீனர் என்ற அமெரிக்க உளவியலாளரும் கூட்டாளிகளும் 1985-இல் வாழ்க்கைத் திருப்தியை அளக்க ஐந்து வாக்கியங்களை வெளியிட்டார்கள். ஒவ்வொன்றையும் எவ்வளவு ஒத்துக்கொள்கிறோம் என்று 1 முதல் 7 வரை எண் போட வேண்டும். கூட்டினால் 5-க்கும் 35-க்கும் நடுவில் நம் வாழ்க்கை எங்கேயோ நிற்கும். இதற்கு இருபது வருடம் முன்பே ஹேட்லி கான்ட்ரில் என்பவர் ஏணி ஒன்றைக் காட்டி, எந்தப் படியில் நிற்கிறாய் என்று பல நாட்டு மனிதர்களிடமும் கேட்டார். மூட்டுவாதம், லூபஸ் போன்ற நோய்களோடு வாழ்கிறவர்களிடம் உலகெங்கும் இத்தகைய தாள்களைக் கொடுத்து நிரப்பச் சொல்கிறார்கள். வெளியே போகிறாயா, விசேஷங்களில் கலந்துகொள்கிறாயா என்றும் சேர்த்துக் கேட்கிறார்கள். கலந்துகொள்வது கூடினால் திருப்தியும் கூடுகிறதா என்று பார்ப்பதற்கு. பெரியம்மா எல்லா விசேஷத்துக்கும் போகிறார். அந்தக் கட்டத்தில் முழு மதிப்பெண். ஐந்து வாக்கியங்களையும் ஒருநாள் பாதி விளையாட்டாக அவரிடம் கேட்டுப் பார்த்தேன். வாழ்க்கையை மறுபடி வாழக் கிடைத்தால் எதையாவது மாற்றுவாயா என்கிற மாதிரி ஒன்று வரும். "மாத்துறதுன்னா எத? இந்தக் கையவா, ஒங்க பெரியப்பாவையா?" என்றார். பிறகு, "மத்தவங்களப் பாக்கயில நான் எவ்வளவோ தேவல. பையனுக்கு வேல நிரந்தரமாயிருச்சு, பேத்தி நர்சிங் படிக்கிறா, இனி என்ன" என்று முடித்தார். ஆறு என்று போடலாம். ஆனால் அந்த ஆறு யாருடையது? மகனுடையது கொஞ்சம், பேத்தியுடையது கொஞ்சம், கண்பட்டுவிடும் என்ற பயத்தில் ஏழைத் தவிர்த்தது கொஞ்சம், வீட்டை விட்டுக்கொடுக்கக் கூடாதென்று மூன்றைத் தவிர்த்தது கொஞ்சம். கடுமையான உடற்குறையோடு வாழ்கிறவர்களில் பாதிக்குச் சற்று மேற்பட்டோர் தங்கள் வாழ்க்கை நன்றாகவே இருப்பதாகச் சொன்னதை ஆல்பிரெக்ட், டெவ்லீகர் என்ற இருவர் 1999-இல் ஒரு முரண்புதிராக முன்வைத்தார்கள். வெளியிலிருந்து பார்ப்பவருக்குத்தான் அது புதிர் என்பது அவர்கள் வாதம். எனக்கும் அதை நம்பத்தான் ஆசை. ஆனால் பெரியம்மாவின் 'தேவல' அவர் கண்டடைந்த நிறைவா, கேட்டவரைச் சீக்கிரம் அனுப்பிவைக்கும் உபாயமா என்பதை இத்தனை வருடம் பழகியும் என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. ஒருவேளை இரண்டும் ஒரே சமயத்தில் உண்மையாக இருக்கலாம்.

இங்கே என்மேலேயே எனக்கொரு சந்தேகம். வெங்காயம் உரித்தே பழகாத கை எழுதுகிற கட்டுரை இது. நாற்பது வருடம் அடுப்படியில் வெந்தவளுக்கு மின்விசிறிக்கடியில் ஒரு நாற்காலி கிடைத்தால் அதைப் பறித்து, 'உன் பங்கேற்பு குறைந்துவிட்டது' என்று வருந்துவதற்கு நான் யார்? பெரியம்மாவின் வயதுப் பெண்களில் சிலர் அந்த நாற்காலிக்காகவே மூட்டுவலியைக் கொஞ்சம் கூட்டிச் சொல்வதும் எனக்குத் தெரியும்; அதில் எனக்கு வருத்தமில்லை. இன்னொன்று, நாற்காலி எல்லாருக்கும் போடப்படுவதில்லை. யார் வீட்டுப் பந்திக்கு யார் காய் நறுக்கலாம் என்பதையே சாதி தீர்மானிக்கிற ஊர்களில் உட்காரச் சொல்வதையும் அதுதான் தீர்மானிக்கிறது. அதே வீங்கிய விரல்களோடு பருத்திக்காட்டில் சுளை எடுக்கிற கூலிப்பெண்ணிடம் யாரும் 'நீங்க உக்காருங்க' என்று சொன்னதில்லை. எடைக்குக் கூலி, விரல் மடங்காத நாளில் எடை குறையும், அவ்வளவுதான். ஜெயங்கொண்டம், ஆண்டிமடம் பக்கத்து முந்திரித் தோப்புகளில் குனிந்து கொட்டை பொறுக்குகிற பெண்ணுக்கும் அப்படியே. அவள் பிரச்சினை பங்கேற்பு குறைந்துபோனது அல்ல. விலகி உட்கார முடியாதது. பெரியம்மாவின் தனிமை ஓரளவு வசதியுள்ள தனிமை. இதைச் சொல்லிவிட்டால் என் சங்கடம் தீர்ந்துவிடும் என்று எதிர்பார்த்தேன். தீரவில்லை. கூலிப்பெண்ணுக்கு ஓய்வும் பெரியம்மாவுக்கு வேலையும் கிடைக்காத ஊரில் இருவருக்கும் ஒரே மாத்திரையைத்தான் எழுதிக் கொடுக்கிறார்கள்.

அந்த மாத்திரை வாரத்துக்கு ஒருமுறை போடுவது. மெத்தோட்ரெக்சேட். தினசரி போட்டுவிட்டால் ஆபத்து. அதனால் மருத்துவர் ஒரு கிழமையைக் குறித்துக்கொள்ளச் சொல்வார். மறுநாள் வாய் கசந்து குமட்டும். பெரியம்மா குறித்த கிழமை செவ்வாய். காரணம் மருத்துவமல்ல. சிறுவாச்சூர் மதுரகாளியம்மன் கோயில் நடை வாரத்தில் திங்கள், வெள்ளி இரண்டு நாள்தான் திறக்கும். அந்த இரண்டு நாளும் உடம்பு தெளிவாக இருக்க வேண்டும். முகூர்த்தங்கள் வருகிற மாதங்களில் புதன்கிழமை விசேஷங்களுக்கு அவர் வரமாட்டார், வந்தால் இலையில் உட்காரமாட்டார். ஊர் இதைக் கவனித்து, புதன்கிழமை ஏதோ விரதம் என்று எடுத்துக்கொண்டது. அவரும் திருத்தவில்லை, விரதத்துக்கு மரியாதை உண்டு. முக்கியமான கல்யாணம் என்றால் வேறொரு வழி இருக்கிறது, மருத்துவர் திட்டுவார் என்று தெரிந்தே செய்வது: ஸ்டீராய்டை நாலைந்து நாளைக்குத் தானாகக் கூட்டிக்கொள்வது. மூட்டு இளகிவிடும். 1948 செப்டம்பரில் அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையில் பிலிப் ஹென்ச் முதன்முதலாக இந்த வகை மருந்தை ஒரு இளம்பெண்ணுக்கு ஊசியில் ஏற்றினார். புரளவும் முடியாமல் கிடந்தவள் சில நாட்களில் எழுந்து நடந்தாள். நேராகக் கடைவீதிக்குப் போனாள். இரண்டே வருடத்தில் ஹென்ச்சுக்கும் கூட்டாளிகளுக்கும் நோபல் பரிசு. முகம் உப்புவதும் எலும்பு கரைவதும் கூடவே தெரியவந்தன. திரும்பக் கிடைத்த உடம்பைக் கொண்டு அவள் முதலில் செய்தது கடைவீதியில் மனிதர்களுக்கு நடுவே நடந்ததுதான் என்பதைப் படித்தபோது பெரியம்மாவின் கள்ளத்தனத்தைக் கண்டிக்க எனக்கு வாய் வரவில்லை. எலும்பைக் கொடுத்து ஒரு கல்யாணத்தை வாங்குகிறார். விலை அதிகம்தான்.

அரசாங்கத்துக்கும் இந்த நோயின் ஒழுங்கின்மை பிடிபடவில்லை. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைகளைச் சொல்கிறது. தன்னையே தாக்கும் நோய்களில் மல்டிபிள் ஸ்க்ளிரோசிஸ் பெயரோடு இடம்பெற்றிருக்கிறது. மூட்டுவாதமும் லூபஸும் இல்லை. மூட்டு கெட்டு, அசைவு போய், நாற்பது சதவீதம் என்று எழுதித் தரப்பட்டால் கை கால் குறைபாடு என்ற கணக்கில் நுழையலாம். ஒரு முகாமில் பெரியம்மாவின் முறை வரும்போது நடுப்பகலாகிவிட்டது. அதற்குள் விரல்கள் இளகிவிட்டன; மடக்கச் சொன்னார்கள், மடக்கினார். "காலைல அஞ்சு மணிக்கு வந்து பாக்கச் சொல்லு" என்று வெளியே வந்து முணுமுணுத்தார். சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் 2021 முதல் மாத்திரை வீடு தேடி வருகிறது. இதற்கு அவர் திருச்சி பஸ் ஏற வேண்டும், அது கட்டணமில்லாத டவுன் பஸ் அல்ல. இவ்வளவு இருந்தும் அவரை வட்டத்துக்குள் வைத்திருந்த ஒரே இடம் அரசாங்கத்துடையதுதான் என்பதையும் சொல்ல வேண்டும். நூறு நாள் வேலையில் முடியாதவர்களுக்கு லேசான வேலை இருந்தது: தண்ணீர் கொடுப்பது, குழந்தைகளைப் பார்த்துக்கொள்வது. ஏரிக்கரை வேலமரத்தடியில் குடத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அங்கேயும் உட்கார்ந்துதான் இருந்தார். ஆனால் பெயர் கூப்பிட்டார்கள், தண்ணீர் கேட்டு அதட்டினார்கள், தூக்குச்சட்டியைத் திறந்து பகிர்ந்துகொண்டார்கள். 2023 ஜனவரியிலிருந்து செல்போனில் காலையில் ஒரு படம், பிற்பகலில் ஒரு படம் என்று வருகைப்பதிவு கட்டாயமானது. விரல் மடங்காத, செருப்பு மாட்ட முடியாத அந்தக் காலைப் பொழுதில்தான் முதல் படம். பணித்தளப் பொறுப்பாளர் தெரிந்த பெண்தான். படத்தில் இல்லாதவரை அவள் எப்படிச் சேர்ப்பாள்? சில நாள் படத்துக்காகவே பேத்தி தலைவாரிவிட்டு, சைக்கிளில் வைத்துத் தள்ளிக்கொண்டு போனாள். பிறகு விட்டுவிட்டார்கள்.

சிறுவாச்சூரில் மாவிளக்கு போடுகிறவர்கள் ஊறவைத்த அரிசியைக் கோயிலிலேயே உரலில் இடித்துக்கொள்வது வழக்கம். முடியாதவர்களுக்கு இடித்துக் கொடுக்கும் பெண்கள் உண்டு. பேத்திக்கு நர்சிங் இடம் கிடைத்ததற்கு நேர்ந்துகொண்ட மாவிளக்கு. ஒரு ஆடி வெள்ளிக்கு நானும் கூடப் போயிருந்தேன். உரலடியில் ஈரமாவு வாசனையும் வெல்லமும் ஏலக்காயும் கலந்து, உலக்கைச் சத்தம் ஒன்றின்மேல் ஒன்றாக விழுந்துகொண்டிருந்தது. கைகளை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு பெரியம்மா பக்கத்தில் நின்று பார்த்தார். மாவு நைசாக இல்லை, இன்னும் நாலு குத்துக் குத்தச் சொன்னார். இடித்தவள் குத்தினாள். அவள் சலித்ததைப் பார்த்துவிட்டு, இன்னும் குருணை நிற்கிறது என்றார் பெரியம்மா. வரிசையில் ஆட்கள் காத்திருந்தார்கள். இடித்தவளுக்குக் கோபம் வந்துவிட்டது. "இவ்ளோ நொட்ட சொல்றியே, ஒங் கைக்கு என்னா? நீயே வந்து இடி" என்று உலக்கையை நீட்டினாள். நான் வாயெடுத்தேன், பெரியம்மா முழங்கையால் என்னை இடித்துத் தடுத்தார். தடுத்துவிட்டு, முந்தானைக்குள்ளிருந்து கையை வெளியே எடுக்காமலே, தான் பதினாறு வயதில் ஒற்றை ஆளாக எத்தனை படி இடித்தவள், இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு உலக்கை பிடிக்கவே தெரியவில்லை, மாவைவிட உமிதான் அதிகம் பறக்கிறது என்று ஆரம்பித்தார். அவளும் விடவில்லை. அடுத்த உரலில் இருந்தவள் சேர்ந்துகொண்டாள். நைவேத்தியத்துக்கு நேரமாகிறது என்று பேத்தி வந்து பிரித்துவிடும்வரை ஓடியது. ஊருக்குத் திரும்பும் வழியெல்லாம், அடுத்த வாரம் முழுக்க, வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அந்தப் பெண்ணின் திமிரைச் சொல்லிச் சொல்லிப் பெரியம்மாவுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது.